பாதியில் வெளியேறும் தீயணைப்பு வீரருக்கும் ஓய்வூதியம் வேண்டும்

பழைய ஓய்வூதியமா, பங்களிப்பு ஓய்வூதியமா என்று வருஷக்கணக்கில் விவாதம் நடக்கிறது. ஆசிரியர்கள், வருவாய்த் துறையினர், சத்துணவு ஊழியர்கள் எல்லோருடைய குரலும் அதில் கேட்கிறது. தீயணைப்பு வீரர்களின் குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதிலும் 60 வயது வரை தாக்குப்பிடிக்க முடியாமல் நடுவில் வெளியேறுகிறவர்களைப் பற்றி யாருமே பேசக் காணோம்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். 30 ஆண்டு தகுதியான பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும், குறைந்தால் விகிதப்படி. 20 ஆண்டு பணி முடித்திருந்தாலோ 50 வயது ஆகியிருந்தாலோ, மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். ஆனால் அதற்கு முன்பே ராஜினாமா செய்தால், அதுவரை உழைத்த காலம் அத்தனையும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிந்துவிடும். உரிய அனுமதி வாங்கி வேறு அரசுப் பணிக்குப் போகிறவர்களுக்குத்தான் விலக்கு. 2003-க்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டத்தில் மாதம் 10 சதவீதம் கட்டிவந்தார்கள், அரசும் அதே அளவு போட்டது. பணி முடியும்போது சேர்ந்த தொகை வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வந்தது. மாதா மாதம் எதுவும் வரவில்லை.

மேசை வேலை பார்க்கிறவருக்கு இந்த விதிகள் ஓரளவு பொருந்தலாம். தீயணைப்பு வீரருக்கு எப்படிப் பொருந்தும்?

101-க்கு அழைப்பு வந்தால் போவது நெருப்புக்கு மட்டுமா? கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வெள்ளத்தில் சிக்கிய குடும்பம், புயலில் சாய்ந்த மரம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். இருபது வருஷம் இதைச் செய்தால் முழங்காலும் முதுகும் நுரையீரலும் என்ன ஆகும்? தீயணைப்புப் பணி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே முதல் பிரிவு.

நம் மாநிலத்தில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, மறுவருஷமே 60 ஆனது. கோப்பு பார்க்கிறவருக்கு அது இரண்டு வருஷச் சம்பளம். மூச்சுக் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு புகை நிறைந்த மாடிப்படி ஏறவேண்டிய வீரருக்கு அது வரமா?

2012-இல் சென்னை எழிலகத் தீவிபத்தில் ஒரு வீரரை இழந்தோம், அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம், நிவாரணம் அறிவிக்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் செத்துப் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு தேய்ந்து 42 வயதில் இனி முடியாது என்று நிற்கிறவருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? மருத்துவக் குழு தகுதியில்லை என்று சான்று கொடுத்தால் இயலாமை ஓய்வூதியம் உண்டு. சான்று கிடைக்கும் அளவுக்குக் கெடவில்லை, வேலை செய்யும் அளவுக்கு நன்றாகவும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

ராணுவத்தைப் பாருங்கள். நிரந்தரப் பணியில் உள்ள சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி முடித்தாலே ஓய்வூதியத் தகுதி வந்துவிடுகிறது. அந்த வேலைக்கு இளம் உடம்பு வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டதால் வந்த விதி அது. அதே நியாயம் தீயணைப்பு நிலையத்துக்கு ஏன் இல்லை? பிரிட்டனில் தீயணைப்பு வீரர் நடுவில் விலகினாலும் அதுவரை சேர்ந்த ஓய்வூதியம் அவர் பெயரிலேயே நிற்கும், உரிய வயது வந்ததும் மாதா மாதம் வரும். அங்கேயும் அந்த வயது மிகவும் தள்ளிப்போகிறது என்ற மனக்குறை இருக்கிறது. ஆனாலும் உழைத்த காலம் அழிவதில்லை.

இப்படிச் சலுகை கொடுத்தால் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், கஜானா தாங்காது என்பார்கள். 15 ஆண்டுக்கான விகித ஓய்வூதியத்தை நம்பிக் குடும்பம் உள்ள எவரும் முழுச் சம்பளத்தை விட்டுப் போகமாட்டார். உண்மையிலேயே முடியாதவர்தான் போவார். அவரைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றினால், ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, கூடப் போகிற குழுவுக்கும்தான், உள்ளே சிக்கியிருக்கிற நமக்கும்தான்.

2026 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்கிறது. மனதார வரவேற்கிறேன். அதோடு தீயணைப்பு வீரர்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று வேண்டும். 15 ஆண்டிலேயே விகிதப்படி ஓய்வூதியத் தகுதி, ராஜினாமா செய்தாலும் உழைத்த காலம் அழியாமல் பிற்காலத்தில் பலன், நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தால் பணியால் வந்ததாகவே கருதும் விதி. இந்த மூன்றையும் சங்கங்கள் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அப்புறம், இதைப் படிக்கும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. மனம் வெறுத்து ராஜினாமா கடிதம் எழுதும் முன் உங்கள் பணிப் பதிவேட்டை எடுத்துத் தகுதியான காலம் எவ்வளவு என்று பாருங்கள். இருபதுக்கு ஓரிரு வருஷம்தான் குறைகிறது என்றால், மருத்துவ விடுப்பையும் இலகுவான பணியையும் எழுத்தில் கேளுங்கள். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே விண்ணப்பம் எழுதுங்கள், நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.