சிங்கிள்டன் சரி, லாம்டாவைக் கவனியுங்கள்

பைசைடில் (பைத்தானில் ஜன்னல் செயலிகள் எழுத உதவும் நூலகம்) தீம் மாறியதை எல்லா ஜன்னல்களுக்கும் சொல்ல, ஆப்ஜெக்டை உருவாக்கும் நியூ மெத்தடை (__new__) மாற்றி எழுதி சிங்கிள்டன், அதாவது செயலி முழுக்க ஒரே ஆப்ஜெக்ட், செய்து, அதன் சிக்னலில் (மாற்றத்தை மற்ற பாகங்களுக்கு அறிவிக்கும் வசதி) லாம்டாவை, அதாவது பெயரில்லாச் சிறு ஃபங்ஷனை, இணைக்கச் சொல்கிறது ஒரு கட்டுரை. அதில் ஒரு வில்லங்கம்: கிளாஸை அழைக்கும் ஒவ்வொரு முறையும் பைத்தான் ஆரம்ப மதிப்புகளை அமைக்கும் இனிட்டையும் (__init__) ஓட்டும். ஆப்ஜெக்ட் பழசுதான், ஆனால் இனிட்டில் அமைத்த மதிப்புகள் மறுபடி ஆரம்ப நிலைக்குப் போய்விடும். தனி மாட்யூலில் ஒரே ஒரு கியூஆப்ஜெக்டை (QObject, சிக்னல் அனுப்பக்கூடிய ஆப்ஜெக்ட்) உருவாக்கி, வேண்டிய இடத்தில் இம்போர்ட் செய்தால் போதுமே! சிக்னலை மட்டும் கிளாஸ் மட்டத்தில் அறிவியுங்கள். இனிட்டுக்குள் உருவாக்கினால், சிக்னலை இணைக்கும் கனெக்ட் வேலை செய்யாது.

அப்புறம் அந்த லாம்டா. டயலாக்கின் (சிறு ஜன்னல்) செல்ஃபை, அதாவது அந்த டயலாக் ஆப்ஜெக்டையே, பிடித்துக்கொண்ட லாம்டாவை இந்தச் சிக்னலில் இணைத்தால், மூடிய டயலாக்கும் நினைவகத்தை விட்டுப் போகாது. சிங்கிள்டன்தான் செயலி முடியும்வரை உயிரோடு இருக்கிறதே. பத்து டயலாக் திறந்து மூடியபின் தீமை ஒருமுறை மாற்றினால், பத்து லாம்டாவும் ஓடும். டயலாக்கின் மெத்தடையே நேராக இணைத்தால், டயலாக் அழியும்போது இணைப்பும் தானாக அறுந்துவிடும்.