ப்ராஜெக்ட் கொடுத்தால் வாத்தியாருக்கு ரெஸ்ட்டாம்

மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் கொடுத்து அதன் வழியாகப் பாடம் நடத்தும் முறையை ஒரு கருத்தரங்கில் ஒரு பேச்சாளர் கிண்டலடித்தார். அவர் என்ன பேசினார் என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவை எனக்கே எத்தனை பேர் அனுப்பினீர்கள்! "ப்ராஜெக்ட் பேஸ்டு லேர்னிங்னா வாத்தியாருக்கு ரெஸ்ட், பசங்களுக்கு யூட்யூப்." அரங்கமே சிரித்தது. டைமிங் பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். கைதட்டியவர்களில் எங்கள் துறைக்காரர்களும் இருந்தார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

செமஸ்டர் கடைசியில் ஒரு தலைப்பைக் கொடுத்து, நாலு பேரைச் சேர்த்துவிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டை வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்களே, அதைத்தான் அவர் கிண்டலடித்தார் என்றால் எனக்குச் சண்டையே இல்லை. அது ஏமாற்று வேலைதான். ஆனால் ப்ராஜெக்ட் வழியாகப் பாடம் நடத்துவது என்றால் வாராவாரம் குழுவோடு உட்கார வேண்டும். தடம் மாறும் இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். கூட உட்கார ஆள் இல்லையென்றால் அதைக் கற்பித்தல் என்றே சொல்லக் கூடாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

என் வகுப்பில் ஒரு குழு, தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார் வைத்தார்கள். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி அது. ரிவியூவுக்குக் கொண்டுவந்த அட்டவணையில் எல்லா எண்ணும் கச்சிதமாக இருந்தது. எந்த சென்சாரும் அவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. "முதல்ல வந்த ரீடிங் எங்கப்பா?" என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். தொட்டியில் தண்ணீர் மாறவே இல்லை, ஆனால் காலையில் ஒரு அளவு, மதியம் இன்னொரு அளவு. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து எண்களை இவர்களே 'சரி' செய்திருக்கிறார்கள்.

நான் திட்டவில்லை. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் என்ன மாறுகிறது என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். அடுத்த ரிவியூவில் விடையோடு வந்தார்கள்: வெப்பநிலை. காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர், 20 டிகிரியில் 343. புரோகிராமில் ஒரே வேகத்தைப் போட்டிருந்தார்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் பிழை 2 சதவீதத்தை நெருங்கும். 2 மீட்டர் தூரத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர்! இந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பிள்ளைகள்தான் இவர்கள். அன்றைக்கு அந்த அழகான அட்டவணையைப் பார்த்து நான் "வெரிகுட்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஆமாம், ரெஸ்ட்தான்.

"ஆராய்ச்சியே இதுக்கு எதிரா இருக்கே மேடம்" என்று வருவீர்கள், தெரியும். கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-ல் எழுதிய கட்டுரையைச் சொல்கிறீர்கள். தலைப்பைத் தாண்டிப் படித்தீர்களா? வழிகாட்டாமல் விட்டால் புதிதாகக் கற்பவன் திணறுவான் என்பதுதான் அவர்கள் வாதம். ஒரு சிக்கலையோ கேள்வியையோ கொடுத்துக் கற்பிக்கும் முறைகளையும் அந்த 'வழிகாட்டாத' பட்டியலில் சேர்த்ததுதான் பிரச்சினை. இவற்றில் வழிகாட்டல் நிறையவே உண்டு என்று 2007-லேயே மறுப்புக் கட்டுரை வந்துவிட்டது. நானும் அதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன்?

"இது புது ஃபேஷன்." அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 'ப்ராஜெக்ட் மெத்தட்' என்று கட்டுரை எழுதியது 1918-ல். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான் நடக்கிறது. அங்கே செமஸ்டரில் ஏறக்குறைய பாதி ப்ராஜெக்ட்டுக்கு. குழுவுக்கு மேற்பார்வையாளரும் உண்டு. அந்த இரண்டாவது விஷயத்தை மட்டும் இங்கே எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

"சிலபஸ் முடியாது." விரிவுரையில் முடிகிறது, சரி. யாருக்கு?

"ஒருத்தி உழைப்பா, மூணு பேர் பேர் போட்டுக்குவாங்க." இதில் நியாயம் இருக்கிறது. கயிறு இழுப்பதில்கூட ஆள் சேரச் சேரத் தலைக்கு இழுக்கும் பலம் குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913-லேயே எழுதிவைத்திருக்கிறார். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒரு பையனிடம் "நீ என்ன செஞ்சே?" என்று கேட்டேன். "பிபிடிக்கு பேக்ரவுண்ட் கலர் நான்தான் மேடம்" என்றான். சிரிப்பு வந்தது, பக்கத்தில் நின்ற பெண்ணின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்க்கும் வரை. அதற்காகத்தான் ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு மார்க் என்று வைத்தேன். அத்தனையையும் படிப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? யூட்யூபா?

அந்த சென்சார் குழுவுக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை. மதிப்பெண் படிவத்தில் இருந்தது மூன்றே கட்டம்: ரிப்போர்ட், பிரசன்டேஷன், அவுட்புட். பிழையைக் கண்டுபிடித்ததற்குக் கட்டம் கிடையாது. பாதி மார்க் போனது. எண்களைத் திருத்திக் கொண்டுவந்த இன்னொரு குழுவுக்கு முழு மார்க். அவர்களைக் கேட்டால் ப்ராஜெக்ட் முறை ரொம்ப நல்ல முறை என்றுதான் சொல்வார்கள்.

இவ்வளவு செய்தும் என் டைம்டேபிளில் இந்த ரிவியூக்களுக்கு ஒரு பீரியட்கூடக் கிடையாது. மேலே உள்ளவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "நீங்க ஆர்வத்துல பண்றீங்கன்னு நினைச்சோமே மேடம்" என்றார்கள்.