சன்ரூஃப்புக்கு வைப்பர் கிடையாது சார்

வந்தவர்: பாய், காருக்கு வைப்பர் ஒரு ஜோடி. ரெண்டும் 22 இஞ்சு.

கடைக்காரர்: ரெண்டுமேவா? யார் சார் மாட்டினது?

வந்தவர்: நான்தான். ஆன்லைன்ல ஆஃபர்.

கடைக்காரர்: அதான் நடுவுல ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்குது. டிரைவர் பக்கம் 22, இந்தப் பக்கம் 16. உங்களுக்கும் பையனுக்கும் ஒரே சைஸ்லயா செருப்பு வாங்குவீங்க?

வந்தவர்: கிரீச் கிரீச்னு கத்துது வேற. வண்டிக்கு வயசாயிடுச்சு பாய், 2015 மாடல்.

கடைக்காரர்: வயசானது ரப்பருக்கு சார். தொட்டுப் பாருங்க, அப்பளம். மெட்ராஸ் வெயிலுக்கு வருஷம் ஒரு தடவை மாத்தணும். கடைசியா எப்ப மாத்தினீங்க?

வந்தவர்: லாக்டவுன் முடிஞ்சப்ப.

கடைக்காரர்: அப்ப அது கத்தல, அழுவுது. இருங்க, கழட்டுறேன். கண்ணாடி மேல இந்தத் துண்டை மடிச்சுப் போட்டுக்கணும். பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்துல வந்து அடிச்சா கண்ணாடி கீறல் விட்டுடும்.

வந்தவர்: என் மச்சான் புது வண்டி வாங்கியிருக்கான். தூறல் விழுந்தாலே வைப்பர் தானா ஓடுது. சத்தமே இல்ல. கூரையில திறக்கிற சன்ரூஃப் வேற!

கடைக்காரர்: வாங்கி எத்தனை மாசம்?

வந்தவர்: மூணு.

கடைக்காரர்: அடுத்த மழைக்குக் கூட்டிட்டு வாங்க. சென்சார் மழை வருதுன்னு சொல்லும், அவ்ளோதான். துடைக்கிறது இதே ரப்பர். உங்க கண்ணாடில பாலிஷ் படிஞ்சிருக்கு, வாட்டர் வாஷ்ல அடிச்சிருப்பாங்க. ஷாம்பு போட்டுத் தேய்க்கலேன்னா புது பிளேடும் தடதடன்னு குதிக்கும்.

வந்தவர்: தேய்ச்சுக்கிட்டு உக்காரணுமா? புது வண்டியே வாங்கிடலாம் பாய், ஜி.எஸ்.டி. 18 பர்சன்ட் ஆயிடுச்சே.

கடைக்காரர்: நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி.க்குள்ள இருந்தா 18. மச்சான் வண்டி என்ன நீளம்?

வந்தவர்: நாலே கால்.

கடைக்காரர்: அதுக்கு 40. விலை 10 லட்சம் தாண்டுச்சுன்னா நம்ம தமிழ்நாட்டு ரோடு டாக்ஸ் 18 பர்சன்ட், அது தனி.

வந்தவர்: லோன்தானே பாய்.

கடைக்காரர்: 10 லட்சம், 9 பர்சன்ட், 7 வருஷம். மாசம் 16,000 சொச்சம். வட்டி மட்டும் மூணரை லட்சம்.

வந்தவர்: 16,000 சமாளிச்சுடலாம்.

கடைக்காரர்: வைப்பர் ஜோடி 700.

வந்தவர்: எழுநூறா! 600 போட்டுக்கோங்க.

கடைக்காரர்: ஷோரூம்ல மேட், மட் ஃப்ளாப், சீட் கவர்னு ஒரு கிட் தலையில கட்டுவாங்க சார், அங்க இந்த வாய் திறக்குமா? சைடு ஏர்பேக் சீட்லயே இருக்கிற வண்டின்னா சீட் கவர் ஓரத்தை மூடியிருக்கான்னு பாருங்க. மூடியிருந்தா பை வெளிய வராது.

வந்தவர்: சன்ரூஃப் மட்டும் இருந்தா போதும் பாய்.

கடைக்காரர்: வண்டி எங்க நிறுத்துவீங்க?

வந்தவர்: புங்க மரத்தடியில.

கடைக்காரர்: சரியாப் போச்சு. சன்ரூஃப் மூலையில தண்ணி வடிய சின்ன ஓட்டை இருக்கும், அதுலேர்ந்து ஒரு டியூப், கூரையைத் தாங்குற பில்லர் வழியா கீழ இறங்கும். புங்கம்பூ போய் அடைச்சா தண்ணி உள் லைட் வழியா உங்க மடிக்கு வரும். சன்ரூஃப்புக்கு வைப்பர் கிடையாது சார்.

வந்தவர்: பசங்க ஆசைப்படுதுங்க.

கடைக்காரர்: எழுந்து நின்னு தலையை நீட்டத்தானே? தடை போட்டும் மாஞ்சா நூல் ரோட்டுக்குக் குறுக்கே தொங்குது. பைக்ல போறவங்க கழுத்துல மாட்டுது. நீங்க காசு கொடுத்துக் கழுத்தை வெளிய நீட்ட வைக்கிறீங்க.

வந்தவர்: ...கலர் வெள்ளையா எடுக்கலாமா?

கடைக்காரர்: 650. கடைசி விலை.

வந்தவர்: வேணாம் பாய், விக்கப்போற வண்டிக்கு எதுக்கு? ஷோரூம் அஞ்சு மணிக்கே வரச் சொன்னான், கிளம்புறேன்.

கடைக்காரர்: சார், துண்டு! சார், பிளேடு இங்க என் கையில இருக்கு! கம்பி மொட்டையா இருக்கு, சுவிட்சைப் போட்டுடாதீங்க!

வந்தவர்: லேசாத் தூறுது பாய், ஒரே ஒரு தடவை...

கடைக்காரர்: போட்டுட்டாரு.

வந்தவர்: பாய்... இந்தக் கோடு பாலிஷ்ல போயிடுமா?

கடைக்காரர்: நகத்தை வச்சு இழுங்க. மாட்டுதா?

வந்தவர்: மாட்டுது.

கடைக்காரர்: அப்ப போகாது. கண்ணாடிதான் மாத்தணும்.

வந்தவர்: பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன், வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு.