காலைக் காப்பிக்கு ஒரு கிண்ணம் தானியமும் ஒரு துண்டு பழ ரொட்டியும்

காலையில் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்றும், பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிற அம்மாமாரைப் பொறுப்பில்லாதவர்கள் என்றும் எழுதுவது இப்போது பழக்கமாகிவிட்டது. "புட்டும் ஆப்பமும் இருக்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். எனக்குப் புட்டு மேல் எந்த வருத்தமும் கிடையாது. ஆவி பறக்கிற புட்டும் சிறுபயறும் பப்படமும் முன்னால் வந்தால் வேறு எதையும் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் ஒரு கிண்ணம் தானியத்தில் மட்டிப்பழம் (எங்கள் ஊர்ச் சின்ன வாழைப்பழம்) நறுக்கிப் போட்டு, பக்கத்தில் வீட்டில் சுட்ட பழ ரொட்டி ஒரு துண்டு வைத்துச் சாப்பிடுவதும் எனக்கு அதே அளவுக்குப் பிடிக்கும். அதை வெளிநாட்டுப் பழக்கம் என்று தள்ளிவைக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு வேண்டிய பழம், பருப்பு, தேன், கிராம்பு எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடையில் வாங்க வேண்டியது இனிப்பு சேர்க்காத தானியம் மட்டும்தான். இனிப்பை நம் பழத்திலிருந்து எடுத்துக்கொள்வோம் என்பதுதான் என் கட்சி.

இந்தத் தானியங்கள் பிறந்த கதையே அந்தப் பக்கம்தான் பேசுகிறது. 1863இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் தன் மருத்துவ விடுதிக்கு வந்தவர்களுக்காக 'கிரானுலா' என்று ஒன்றைச் செய்தார். முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டது. முந்தின ராத்திரியே ஊறப்போடாவிட்டால் பல்லால் கடிக்க முடியாது. அதற்குப் பிறகு மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் க்ரீக் சுகவிடுதியை நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், தம்பி வில் கீத்தோடு சேர்ந்து தானியத்தை வேகவைத்து உருளையில் நசுக்கி வறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தம்பிக்கு அதில் சீனி சேர்க்க வேண்டும் என்று ஆசை. அண்ணனுக்குச் சம்மதமில்லை. 1906இல் தம்பி தனியாகக் கம்பெனி தொடங்கினார். சீனியை மேலே பூசி விற்கிற வகைகள் அமெரிக்கக் கடைகளில் பெருகியது 1950களில்தான். இந்தியாவுக்கு கெல்லாக்ஸ் வந்தது 1994இல்.

எனக்கு அதைவிடப் பிடித்தது சுவிட்சர்லாந்துக் கதை. மாக்ஸிமிலியன் பிர்ச்சர்-பென்னர் என்ற டாக்டர், 1900ஐ ஒட்டிய காலத்தில் தன் நோயாளிகளுக்கு ஒரு உணவு கொடுத்தார். இன்று நாம் மியூஸ்லி என்கிறது அதைத்தான். அதில் ஆப்பிள்தான் முக்கியம். தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் பருப்பு, கண்டென்ஸ்டு மில்க், கூடவே ஊறவைத்த ஓட்ஸ் ஒரே ஒரு கரண்டி. பழம் நிறைய, தானியம் கொஞ்சம். இன்றைக்குப் பாக்கெட்டில் வருகிற மியூஸ்லியில் இது தலைகீழாகிவிட்டது. தானியம் நிறைய, சீனிப்பாகு அதற்கு அடுத்து, பழம் என்ற பேரில் சுருங்கின துணுக்குகள் நாலைந்து. அந்த டாக்டர் செய்த மாதிரி பழத்தை முன்னால் வைப்பது நம்ம ஊரில் கஷ்டமே இல்லை. ஆப்பிள் இருந்த இடத்தில் மட்டிப்பழம், அவ்வளவுதான்.

மட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல் நீளத்தில் சின்னப் பழம். தோலை உரித்ததும் அறை முழுக்க மணக்கும். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கும் முன்பே பல வீடுகளில் மட்டிப்பழம் மசித்துக் கொடுப்பார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே வருஷம் மார்த்தாண்டம் தேனுக்கும் கிடைத்தது. அந்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்துத் தளிர் இலையில் சுரக்கிற தேன். பால் ஊற்றாத தானியத்தில் தயிரும் மட்டிப்பழமும் போட்டு, மேலே ஒரு கரண்டி தேன் விட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மேல் சாக்லேட் பூசிய உருண்டைகள் எதற்கு என்று தோன்றும். செந்துளுவனும் (செவ்வாழை) நன்றாக இருக்கும், ஆனால் அது கனமான பழம், அரைப் பழம் போதும். கைதச்சக்கையை (அன்னாசிப்பழம்) மட்டும் பச்சையாகப் பாலில் போடாதீர்கள். அதில் இருக்கிற ஒரு நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசக்க வைத்துவிடும். லேசாக வேகவைத்துப் போட்டால் கசப்பு வராது.

சாக்லேட் உருண்டை என்றதும் ஒன்று. பாக்கெட்டின் முன்பக்கம் படிக்கிற நேரத்தில் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சடிக்க வேண்டும், அது சட்டம். இரண்டாவது இடத்தில் சீனி இருந்தால் அது காலைச் சாப்பாடு அல்ல, பலகாரம். ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். பலகாரம் சாப்பிடுவதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்து செய்தால் நான்தான் முதலில் எடுப்பேன். ஆனால் பலகாரத்தைப் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் 'சத்து' என்று சொல்லி ஊட்டுவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். விளம்பரத்தில் துள்ளிக் குதிக்கிற குழந்தையைக் காட்டி அப்படி விற்கிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அவலை மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கார்ன்ஃபிளேக்ஸும் அவலும் ஒரே குடும்பம். அங்கே மக்காச்சோளத்தை உடைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்து, இரும்பு உருளைக்கு நடுவில் விட்டு நசுக்கி, வறுக்கிறார்கள். இங்கே நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, சூடு ஆறும் முன் இடித்துத் தட்டையாக்குகிறார்கள். நனைக்கிறது, சூடாக்குகிறது, நசுக்குகிறது, இரண்டு இடத்திலும் வேலை அதே வேலை. நம்ம பாட்டிமார் சிவப்பு அவலில் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் போட்டுப் பிசைந்து, கூடவே ஒரு பழம் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்குக் கிண்ணத்துத் தானியம் அந்நியமாக இருக்க நியாயமே இல்லை. எனக்கு ஒரு நாள் அவல், ஒரு நாள் ஓட்ஸ், ஒரு நாள் கார்ன்ஃபிளேக்ஸ். எல்லாவற்றிலும் பழம் ஒன்றுதான்.

நம்ம மாவட்டத்தில் பாக்கெட் தானியத்துக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், பக்கத்திலேயே கடல். பாக்கெட்டைப் பிரித்து இரண்டு நாள் அசட்டையாக விட்டால் நமுத்துப்போகும். பலரும் அதைத் தூக்கிக் கோழிக்குப் போடுகிறார்கள். போடாதீர்கள். நமுத்த கார்ன்ஃபிளேக்ஸ்தான் பழ ரொட்டிக்கு மிகச் சரியான சாமான்.

இங்கிலாந்தில் தவிட்டுத் தானியத்தை வைத்து வீட்டில் சுடுகிற ஒரு பழ ரொட்டி உண்டு. ஒரு கப் தவிட்டுத் தானியம், ஒரு கப் சீனி, ஒரு கப் உலர்பழம், ஒரு கப் பால் எல்லாவற்றையும் கலந்து ஊறவைத்துவிட்டு, கடைசியில் ஒரு கப் மாவு சேர்த்துச் சுடுவார்கள். முட்டை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், தராசும் வேண்டாம். எனக்கு அந்த முறை மேல் பெரிய மரியாதை. கேக் என்றால் பெரிய வேலை என்று பயப்படுகிற யாரும் இதைச் செய்துவிடலாம்.

எங்கள் வீட்டில் செய்கிற விதம் இது. நமுத்த கார்ன்ஃபிளேக்ஸோ ஓட்ஸோ ஒரு கப் எடுத்து முக்கால் கப் சூடான பாலில் போட்டு மூடிவைப்பேன். கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி அரை கப். வடிகட்டாமல் விட்டால் மண் பல்லில் படும். பேரீச்சம்பழமும் கிஸ்மிஸும் சேர்ந்து ஒரு கப், அவற்றை மட்டும் கடுப்பமான சாயா வெள்ளத்தில் தனியாக ஊறவைக்கிறேன். வேல்ஸ் நாட்டில் பழ ரொட்டிக்கு அப்படித்தான் தேநீரில் ஊறவைக்கிறார்கள், பழம் உப்பி மெத்தென்று ஆகிறது. பிறகு தோல் கறுத்துப்போன ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று. கறுத்தால்தான் நல்லது, அதற்குள் மாவுச்சத்து பெரும்பாலும் இனிப்பாக மாறியிருக்கும். கடைக்காரர் குலையிலிருந்து தனியே ஒதுக்கிவைத்திருப்பார், கேட்டால் விலை குறைத்தே தருவார். இதையெல்லாம் கையால் பிசைந்து, அண்டிப்பருப்பை (முந்திரிப்பருப்பு) உடைத்துப் போட்டு, இரண்டு கிராம்பும் கொஞ்சம் ஜாதிக்காயும் பொடித்துச் சேர்க்கிறேன். கிராம்பும் நம்ம மலையில் விளைகிறதுதான். அதற்கும் 2021இல் புவிசார் குறியீடு வந்தது.

கடைசியில் ஒன்றேகால் கப் மாவு, பாதி கோதுமை பாதி மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரோடு சலித்துப் போட வேண்டும். போட்ட பிறகு அதிகம் கிண்டக் கூடாது. மாவு தெரியாமல் மறைந்தால் போதும். கிண்டக் கிண்டப் பசைத்தன்மை ஏறி ரொட்டி ரப்பர் மாதிரி இழுக்கும். மாவு கலந்ததும் காத்திருக்காமல் 170 டிகிரி சூட்டில் இருக்கிற ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். ஓவன் இல்லாதவர்கள் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, குக்கருக்குள் உப்புப் பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து, சிறு தீயில் சுடலாம். மேல்பக்கம் சிவக்காது, ருசியில் குறை இருக்காது. வெந்ததா என்று பார்க்க ஒரு ஈர்க்கிலை நடுவில் குத்தி எடுங்கள். ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம். கருப்பட்டி உருகி ஓரத்தில் கொஞ்சம் முறுகியிருக்கும். அந்த ஓரத்துண்டுக்குத்தான் வீட்டில் சண்டை.

முதல்நாள் வெட்டாதீர்கள். ஆறவிட்டு, துணியில் சுற்றி, மறுநாள் வெட்டினால் பழத்தின் ஈரம் ரொட்டி முழுக்கப் பரவியிருக்கும், துண்டும் உதிராமல் வரும். என் அம்மா அப்படி மறுநாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மக்களே, இதுல இத்திரிபோல சுக்கு போடு, வயித்துக்கும் நல்லது" என்றார். அன்றிலிருந்து சுக்கு சேர்க்காமல் நான் சுட்டதில்லை. அம்மாவுக்குப் பாலில் ஊறின கார்ன்ஃபிளேக்ஸ் இன்னும் பிடிக்காது. அதே கார்ன்ஃபிளேக்ஸ் ரொட்டிக்குள் போனால் இரண்டு துண்டு சாப்பிடுவார்.

இந்த ஈரக்காற்றில் மூன்றாம் நாளுக்கு மேல் வெளியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். துண்டு போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் கொஞ்சம் நெய் விட்டு இரண்டு பக்கமும் வாட்டிக்கொள்ளலாம். அப்படி வாட்டின துண்டு, கிண்ணத்தில் மட்டிப்பழமும் தானியமும், ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. மழைநாள் காலைக்கு இது போதும்.

பேக்கரியில் பழ ரொட்டி என்று விற்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அதில் இருக்கிற சிவப்பும் பச்சையுமான துண்டுகள் டூட்டி ஃப்ரூட்டி. பச்சைப் பப்பாளிக்காயை வேகவைத்து, சாயம் போட்ட சீனிப்பாகில் ஊறவைத்துக் காயவைத்தது. பழத்தின் வாசனை அதில் துளியும் இல்லை. ஏத்தனும் சக்கையும் (பலா) இத்தனை விளைகிற ஊரில், சாயம் போட்ட பப்பாளிக்காயைப் பழம் என்று காசு கொடுத்து வாங்குவது எனக்குத் தாங்கவில்லை. நம்ம பேக்கரிக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். கிறிஸ்துமஸ் கேக்கை எவ்வளவு அருமையாகச் செய்கிறார்கள்! அதே கையால் ஏத்தம்பழ ரொட்டி ஒன்றை வருஷம் முழுக்கச் சுட்டு விற்றால் வாங்க ஆள் இல்லாமல் போகாது. நான் வாங்குவேன்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பட்டி என்றாலும் தேன் என்றாலும் இரத்தத்தில் அது சர்க்கரைதான், பேரீச்சம்பழமும் அப்படித்தான். இந்த ரொட்டியை மருந்து என்று சொல்லி யாருக்கும் கொடுக்க மாட்டேன். ருசிக்காக, அளவோடு, ஒரு துண்டு. என் அத்தைக்குக் கருப்பட்டியே சேர்க்காமல், பழத்தின் இனிப்பை மட்டும் நம்பித் தனியாகச் சின்னதாக ஒன்று சுட்டுக் கொடுப்பேன். அதிலும் அத்தை மெல்லிசாக ஒரு துண்டுதான் எடுத்துக்கொள்வார்.

இனி சக்கைக் காலம் வந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வருக்கை (கெட்டிச் சுளைப் பலா) சுளையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் நன்றாக வருகிறது, சக்கை வரட்டி (சுண்டக் காய்ச்சிய பலாப்பழ விழுது) இரண்டு கரண்டி சேர்த்தால் இன்னும் நன்றாக வருகிறது. கூழன்தான் (சுளை கூழாக இருக்கிற பலா) பிடிகொடுக்கவில்லை. கூழில் தண்ணீர் அதிகம், ரொட்டி நடுவில் வேகாமல் களி மாதிரி நிற்கிறது. பாலை அறவே விட்டுவிட்டுத் தானியத்தைக் கூழிலேயே ஊறவைக்கலாமா என்று யோசிக்கிறேன். கூழன் போட்டுச் சுட்டு நன்றாக வந்தவர்கள் இருந்தால் மாவு அளவைச் சொல்லுங்கள்.