உடைத்ததில் எதைக் காப்பாற்றினீர்கள்?

நம் பழைய வண்டிக் குழுவில் ஒருவர் போட்டாரே, முழுசாக நின்ற மேக் பி-61 லாரியை வெட்டி உடைக்கிற வீடியோ, அதை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கேஸ் கட்டிங் நெருப்பு சேஸில் படுகிற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய், திரும்ப வந்து மிச்சத்தையும் பார்த்தேன். கீழே வரிசையாக நிற்கிற பாராட்டுகளையும் படித்தேன். "சூப்பர் பிரதர், எத்தனையோ வண்டிக்கு உயிர் கொடுத்திருக்கீங்க." என் கமெண்ட் மட்டும் அங்கே இல்லை. நீக்கிவிட்டார்கள். ஒரு கெட்ட வார்த்தை அதில் கிடையாது. சரி, என் பக்கத்தில் நான் எழுதிக்கொள்கிறேன்.

சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். முழுசாக நிற்கிற ஒரு பழைய லாரியை உடைத்தால், கைக்கு வருவது தேடினால் வேறு எங்காவது கிடைக்கக்கூடிய சாமான். போய்விடுவது எங்கே தேடினாலும் கிடைக்காத சாமான். இது புரிந்தால் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்பதும் புரிந்துவிடும்.

அந்த வண்டியிலிருந்து எதையெல்லாம் எடுத்தார்கள்? இன்ஜின், கியர்பாக்ஸ், பானெட், அதன் முனையில் நின்ற புல்டாக் பொம்மை. பொம்மையைத்தான் முதலில் கழற்றி, துடைத்து, மேசையில் வைத்துப் படம் போட்டார்கள். அமெரிக்காவின் மேக் லாரிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஆல்ஃபிரட் மசூரி 1932-ல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது செதுக்கிய உருவம் அது. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதே பொம்மை இன்றைக்குப் புதுசாகவே வாங்கக் கிடைக்கிறது. அந்த மொத்த வண்டியில் சுலபமாகக் கிடைக்கக்கூடிய ஒரு பொருளைத்தான் முதலில் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அடுத்து இன்ஜின். இ.என்.டி. 673. டீசல், ஆறு சிலிண்டர், 672 கன அங்குலம், ஏறக்குறைய 11 லிட்டர். பி வரிசை லாரிகள் 1953 முதல் 1966 வரை 1,27,000-க்கும் மேல் தயாரானவை. அவற்றில் பரவலாக ஓடிய மாடல் பி-61. இந்த இன்ஜின் இன்னும் பல கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நேரமாகும், அலைச்சல் உண்டு, ஆனால் கிடைக்கும்.

ஹப் பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீஸைத் துடைத்துப் பார்த்தால் கோன் என்கிற உள் வளையத்தில் ஒரு நம்பர், கப் என்கிற வெளி வளையத்தில் ஒரு நம்பர் பொறித்திருக்கும். அறுபது வருஷத்துக்கு முன்னால் பொறித்த நம்பர். அதைச் சொன்னால் பெரும்பாலும் இன்றைக்கும் புதுப் பேரிங் வருகிறது. ஆயில் சீல் என்றால் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து கொடுத்தால் போதும். பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் அடிக்கலாம். ரேடியேட்டருக்குப் புதுக் கோர் போடலாம். தட்டையான கண்ணாடி என்றால் லாமினேட்டட் ஷீட்டில் வெட்டி வாங்கிவிடலாம்.

கிடைக்காதது எது தெரியுமா? கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டர். ஏர் டேங்கைச் சேஸோடு பிடித்து வைக்கிற பட்டை. மீட்டரைச் சுற்றி வருகிற வளையம். பெடலிலிருந்து டீசல் பம்புக்குப் போகிற ராடைத் தாங்குகிற பிராக்கெட். ஹேண்ட் பிரேக் லிவருக்குக் கீழே இருக்கிற குட்டிப் பல்சட்டம். இவற்றை யாரும் கழற்றி அலமாரியில் வைத்ததில்லை, யாரும் விற்பனைக்குப் போட்டதுமில்லை. வண்டியோடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வீடியோவின் கடைசியில் எடைக்குப் போட ஒரு குவியல் தெரிகிறதே, அதில் கிடப்பது இவைதான். படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கிளட்ச் பெடலின் ஷாஃப்ட் அதன் புஷ்ஷோடு அப்படியே நீட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த ஷாஃப்டுக்காக ஏங்குகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

என் வண்டியும் பி-61தான் என்பது இங்கே பழகுகிறவர்களுக்குத் தெரியும். அது என்னிடம் வந்தபோது ஆக்ஸிலரேட்டர் ராடைக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பிராக்கெட் இல்லை. இன்ஜின் முழுசும் இருந்தது, உள்ளங்கை அளவு வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று இல்லாமல் வண்டியை ஒழுங்காக ஓட்ட முடியவில்லை. ஒருவர் "இருக்கு" என்று நம்பர் அனுப்பினார். அது வார்ப்பிலேயே விழுந்த நம்பர், பார்ட் நம்பர் இல்லை. ஒரே வார்ப்பில் துளையை மட்டும் மாற்றிப் போட்டு இரண்டு மூன்று விதமான சாமான் செய்திருப்பார்கள். வந்து சேர்ந்தது வேறு ஏதோ வண்டியுடையது. பழைய லாரிக்குச் சாமான் தேடுகிற எல்லோருக்கும் இந்தக் கதை ஒன்றாவது இருக்கும்.

கடைசியில் வழி காட்டியது ஒரு பெரியவர். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ஓட்டிய வண்டியையே வாங்கி நிறுத்தி வைத்திருந்தார். அதிலும் என் வண்டியில் இருப்பது போல டிரிப்ளக்ஸ் கியர்பாக்ஸ்தான். முன் பெட்டியில் ஐந்து, பின் பெட்டியில் மூன்று, பெருக்கினால் 15 கியர், இரண்டு லிவர். இடது கையை ஸ்டீயரிங் வளையத்துக்குள்ளே விட்டு ஒரு லிவரையும், வலது கையால் இன்னொன்றையும் ஒரே நேரத்தில் தள்ளிக் காட்டினார். கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு மனிதர் செய்து பார்த்தேன். பிராக்கெட்டைக் கழற்றி மாதிரிக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். "கழட்டுறது மட்டும் வேணாம் தம்பி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் அளந்துக்கோ" என்றார்.

அளந்தேன். அட்டையை வைத்து அழுத்தி, கிரீஸ் விரலால் தேய்த்துத் துளைகளின் இடத்தைப் பதித்துக்கொண்டேன். அப்போதுதான் பிராக்கெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு தடித்த வாஷர் இருப்பது தெரிந்தது. பார்ட்ஸ் புத்தகத்தின் படத்தில் அந்த வாஷர் உண்டு, ஆனால் எந்தப் பக்கம் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் ராட் போய் டீசல் பைப்பில் உரசும். வண்டியில் பார்த்தால் ஒரு நொடி வேலை. அட்டையைப் பார்த்து லேத்துக்காரர் இரும்புப் பிளேட்டில் செய்து கொடுத்தார். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. பெரியவரின் வண்டியிலிருந்து ஒரு போல்ட்கூடக் குறையவில்லை. எனக்குப் பிறகு வேறு வேறு ஆட்கள் போய் அதே வண்டியில் வேறு வேறு சாமானை அளந்துகொண்டு வந்திருக்கிறார்கள். முழு வண்டி ஒன்று நின்றால் அது இத்தனை பேருக்கு உதவும். உடைத்தால் நான்கு பேருக்கு நான்கு சாமான், அத்தோடு முடிந்தது.

இனி பதில்கள். கமெண்டில் என்ன வரும் என்று தெரியும், பாதி ஏற்கனவே வந்துவிட்டது.

"அவர் வண்டி, அவர் இஷ்டம்." ஆமாம். நான் போலீஸுக்குப் போகவில்லையே. தன் கொட்டகையில் சத்தமில்லாமல் செய்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. பழைய வண்டிகளைக் காப்பாற்ற என்று ஆரம்பித்த குழுவில் போட்டுப் பாராட்டு வாங்கினால் நான் பேசுவேன்.

"மழையில் கிடந்து மக்கிப் போயிருக்கும்." அறுபது வருஷமாக மக்காதது இந்த மழையில் மக்கிவிடுமா? கேபின் தகடு அரிக்கும், ஒப்புக்கொள்கிறேன். சேஸ் அப்படிப்பட்டதில்லை. தவிர, அவரே முன்பு போட்ட வீடியோவில் கிராங்கைக் கடப்பாரை போட்டுத் திருப்பினால் சுற்றுகிறது. இன்ஜின் இறுகிப் போகவில்லை. டயர் நாலு மாற்றி, டேங்கைக் கழுவி, பம்பைப் பார்த்தால் நகர்ந்திருக்கும் வண்டி அது.

"உடைத்த வண்டிகளால்தானே மற்ற வண்டிகள் பிழைத்திருக்கின்றன?" இது நியாயமான கேள்வி. எரிந்துபோன வண்டி, கவிழ்ந்து சேஸ் முறுக்கிக்கொண்ட வண்டி, பாதி ஏற்கனவே போன வண்டி என்றால் உடைக்கத்தான் வேண்டும். நானே அப்படிப்பட்ட வண்டிகளிலிருந்து எடுத்திருக்கிறேன், இனியும் எடுப்பேன். ஆனால் இது அப்படிப்பட்ட வண்டியா? அதோடு, உடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ரிம்மையும், டயரை அதில் பிடித்து வைக்கிற லாக் ரிங்கையும் கழற்றி ரிம் ஒரு பக்கம், ரிங் ஒரு பக்கம் என்று வீசுகிறார்கள். எந்த ரிங் எந்த ரிம்முக்கு என்று இனி யாருக்குத் தெரியும்? பொருந்தாத ரிங்கைப் போட்டுக் காற்றடித்தால் ரிங் தெறித்து ஆளைக் கொல்லும். கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்ற விதியே இப்படி ஆட்கள் செத்ததால் வந்தது. பின் ஆக்சிலுக்குள் இருக்கிற பல்சக்கரங்களில் கிரவுன் ஒருவருக்கு, பினியன் இன்னொருவருக்கு என்று பேரம் நடக்கிறது. இரண்டும் ஜோடியாக இழைத்துச் சேர்த்தவை, பிரித்தால் இரண்டு பேருக்கும் உபயோகமில்லை. வேலை தெரிந்தவர் செய்கிற காரியமா இது?

"இப்பல்லாம் ஸ்கேன் பண்ணி எதை வேணும்னாலும் செஞ்சுக்கலாம்." எதை ஸ்கேன் செய்வீர்கள்? மாதிரிக்கு ஒன்று வேண்டாமா? அதைத்தானே எடைக்குப் போட்டீர்கள். அப்புறம், வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். பழைய சாமானையே அச்சாக வைத்து வார்த்தால் வருவது சின்னதாகத்தான் வரும், துளைகள் ஒன்றும் சேராது. சுருக்கத்தைக் கணக்குப் போட்டு அச்சு செய்கிற ஆள் வேண்டும். கியர் பல் என்றால் வெட்டினால் மட்டும் போதாது, சரியாகச் சூடுபடுத்திப் பதமும் ஏற்ற வேண்டும். பட்டன் அமுக்கினால் வந்து விழாது.

கடைசியாக ஒன்று. "உனக்கு அந்த கியர்பாக்ஸ் வேணும், கிடைக்கலை, அதான் எரியுது." இதை எழுதியவர் என் வீட்டுக்கு வந்திருக்கிறார். என் வண்டிக்கு அடியில் படுத்து எனக்கு டார்ச் பிடித்திருக்கிறார். அவர் எழுதியதைப் படித்தபோது கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன். என் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, அது அவருக்கும் தெரியும். அந்த வண்டியை அதன் சொந்தக்காரரிடம் நான் கேட்டது உண்மை. முழுசாகக் கேட்டேன். நிற்க இடமும் தருகிறேன், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அதற்கு அடுத்து நான் பார்த்தது இந்த வீடியோதான். ஒரு போன் செய்திருக்கலாம். வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். வேறு யாருக்காவது முழுசாகக் கொடுத்திருந்தால் நானே போய் ஏற்றிவிட்டிருப்பேன்.

அவர்கள் வெட்டிய இடம் எது தெரியுமா? சேஸ் எண் அடித்திருக்கிற பகுதியின் மேலேயே. அமெரிக்காவில் அலன்டவுனில் மேக்கின் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த எண்ணைக் கொடுத்தால் வண்டி தொழிற்சாலையை விட்டு எந்த உறுப்புகளோடு கிளம்பியது என்ற பழைய பதிவு கிடைக்கும். எந்த ஆக்சில், எந்த கியர்பாக்ஸ் எல்லாம் அதில் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணை ஒரு படம் எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு பிரதர்" என்று பதில்.

எதுக்கா? பழைய கார் ஒன்றை இப்படி வெட்டியிருந்தால் குழுவில் ரகளை நடந்திருக்கும். லாரி என்றால் இரும்பு. கார் வாங்கியவர் அதை மூடி வைத்துப் பார்த்துக்கொண்டார். லாரியை ஓடுகிற வரை ஓட்டினார்கள், இன்ஜினை மாற்றினார்கள், சேஸை நீட்டினார்கள், வெட்டினார்கள், முடிந்ததும் எடைக்குப் போட்டார்கள். அதனால்தான் லட்சத்துக்கு மேல் தயாரானதில் முழுசாக நிற்பவை இவ்வளவு குறைவு. லாரியை யார் பார்ப்பார்கள் என்கிறீர்கள். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லாரிகளும் பஸ்களும் 1962-லிருந்து ஊர்வலம் போகின்றன. அமெரிக்காவில் லாரி வரலாற்றுக்கென்றே 1971-ல் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம்தான், அதே ஆர்வம் இருப்பதாகச் சொல்லிக்கொள்கிற நாம்தான், கட்டரைக் கையில் எடுக்கிறோம்.

அந்தப் பெரியவருக்கு இந்த வீடியோவை யாரும் அனுப்ப வேண்டாம் என்று தனியாகச் சொல்லியிருந்தேன். அனுப்பிவிட்டார்கள். "நம்ம வண்டியை விட அது நல்லா இருந்திருக்கும் போலயே தம்பி" என்று மட்டும் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். அந்தக் குவியல் இன்னும் எடைக்குப் போகவில்லை என்று ஒருவர் சொன்னார். உடைத்தவர் என்னை பிளாக் செய்திருக்கிறார், நான் எழுதினால் போகாது. உங்களில் அவரோடு பேச்சுவார்த்தை இருக்கிறவர்கள் அவரிடம் சொல்லுங்கள். எடைக்கு என்ன வருமோ அதை நான் தருகிறேன், பொறுக்கி எடுக்க மாட்டேன், குவியல் மொத்தமும் எடுத்துக்கொள்கிறேன். எதில் எது இருக்கிறது என்று பிரித்து, படம் எடுத்து, அளவோடு இங்கே போடுகிறேன். தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ரிம்மும் ரிங்கும் இருந்தால் அவற்றை மட்டும் யாருக்கும் தர மாட்டேன், வெட்டித்தான் போடுவேன். இன்றைக்குள் பேசுங்கள், நாளைக்கு லாரி வருகிறதாம்.