உலாப் போய் வந்த ஒரு ரூபாய்

(யாழ்ப்பாணம், கஸ்தூரியார் வீதியில் ஒரு சிறிய நகைப் பட்டறை. வந்திருப்பவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தேத்தண்ணீர் கேட்பதானாலும் எழுவாய், பயனிலை பிசகாமல் கேட்பவர். முப்பது ஆண்டுப் பழக்கத்தில் பட்டறைப் பத்தருக்கும் அந்தத் தமிழ் தொற்றிவிட்டது.)

மாஸ்ரர்: பத்தர், என் நண்பர் ஒருவர் அண்மையில் இந்த வெள்ளி ரூபாயை வாங்கியிருக்கிறார். அவர் சற்றுக் கூச்ச சுபாவம் உள்ளவர் என்பதால், இதன் நிறையை மட்டும் அறிந்து வரும்படி என்னை அனுப்பினார்.

பத்தர்: அந்த நண்பருக்கும் உங்களைப் போலவே மூக்குத்தூள் போடும் பழக்கம் இருக்கிறது போலும், காசு முழுவதும் அதுதான் மணக்கிறது. கதிரையில் இருங்கள், தராசில் வைத்துப் பார்ப்போம்.

மாஸ்ரர்: இது கிழக்கிந்தியக் கம்பனி விக்டோரியா இராணியின் தலையைப் பொறித்து, 1840 ஆம் ஆண்டைக் குறித்து வெளியிட்ட ரூபாய். நிறை 11.66 கிராம் இருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் வெள்ளி.

பத்தர்: தராசு 9.6 கிராம் என்கிறது.

மாஸ்ரர்: நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனை மடியிலும் எத்தனை உண்டியலிலும் உராய்ந்திருக்கும் என்பதை உங்கள் தராசு அறியுமா? தேய்மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பத்தர்: இரண்டு கிராம் தேய்ந்து போன காசில், இராணியின் கொண்டையில் ஒரு மயிர்கூடக் கலையாமல் நிற்பதற்கு என்ன காரணம்? தேய்மானம் அரச குடும்பத்துக்கு மரியாதை கொடுத்து, முகத்தைத் தொடாமல் உள்ளே புகுந்து வெள்ளியை மட்டும் தின்றுவிட்டதா?

மாஸ்ரர்: காந்தம் கொண்டு சோதித்தேன். ஒட்டவே இல்லை. அதாவது, நண்பர் சோதித்தார்.

பத்தர்: பித்தளையையும் காந்தம் இழுக்காது, மாஸ்ரர். காந்தம் ஒட்டினால் வெள்ளியல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று சொல்ல முடியாது. இந்தப் பூதக்கண்ணாடியால் இராணியின் கன்னத்தைப் பாருங்கள். அம்மைத் தழும்பு போலச் சிறு குழிகள் தெரிகின்றனவா? உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது உள்ளே அகப்பட்ட காற்று விட்டுச் சென்ற குழிகள் அவை. நாணயசாலையில் தகட்டை வைத்து அடித்த காசில் அவை இரா. இனி விளிம்பைப் பாருங்கள். வரிகளை ஊடறுத்துக்கொண்டு, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த பொருத்து ஓடுகிறது.

மாஸ்ரர்: ஆனால் இந்தக் கருமை? இவ்வளவு முதுமையான கருமை ஓர் இரவில் வந்துவிடுமா?

பத்தர்: மேலே வெள்ளி முலாம் பூசியிருக்கிறார்கள். அவித்த முட்டையின் மஞ்சட் கருவோடு ஒரு பையில் போட்டுக் கட்டி வைத்தால், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். முட்டை விலை ஒன்றுதான் செலவு. செப்புக் காசுக்குப் பச்சை நிறம் வேண்டுமென்றால் மாட்டுத் தொழுவத்தில் புதைப்பார்கள். காசுக்கு வயது ஏறும் வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாஸ்ரர்: அது புதிய கலை அன்று. ஜெர்மனியில் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவர், 1830 இல் இறந்தவர், பழைய கிரேக்க, உரோமக் காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டியவர். புதுக்காசின் மினுக்கம் போவதற்காக அவற்றை இரும்புத் தூளோடு ஒரு பெட்டியில் போட்டுத் தமது குதிரை வண்டியில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் போய் வருவாராம். ‘என் கிழவர்களை இன்று உலாவுக்கு அழைத்துச் சென்றேன்’ என்று குறிப்பும் எழுதிவைத்தாராம்.

பத்தர்: இங்கே குதிரை எதற்கு? பருத்தித்துறைப் பேருந்தின் பின்னிருக்கையில் ஒரு முறை ஏற்றி இறக்கினால் போதும். கிறித்து பிறப்பதற்கு முந்திய காசாகிவிடும்.

மாஸ்ரர்: சிரிக்காதீர்கள். காசு சேர்க்கும் இந்தப் பொழுதுபோக்கே அழிந்துகொண்டிருக்கிறது. என் பாட்டனார் வைத்துவிட்டுப் போன சேதுக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நிற்கும் உருவம், மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு என்று பெருமையோடு ஒருவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘நல்ல வேலைப்பாடு, யாரிடம் செய்வித்தீர்கள்?’ என்று கேட்டார். பாட்டனாரே எழுந்து வந்து சத்தியம் செய்தாலும், பாட்டனார் அசலா என்றுதான் இனிக் கேட்பார்கள்.

பத்தர்: இளைஞர்கள் சேருகிறார்களா?

மாஸ்ரர்: ஒரு பையன் சேர்ந்தான். நல்லூர்த் திருவிழாக் கடையொன்றில், இராமரும் சீதையும் பொறித்து 1818 என்று ஆண்டு போட்ட கம்பனி அரையணா வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். கம்பனி தன் ஆட்சிப் பகுதிக்கெல்லாம் பொதுவான நாணய முறையைக் கொண்டுவந்ததே 1835 இல்தான் என்றும், இராமர் பட்டாபிஷேகத்தை அது எந்த அரையணாவிலும் பொறித்ததில்லை என்றும் விளக்கினேன். அன்றோடு காசு சேர்ப்பதை விட்டுவிட்டான். இப்போது கிரிக்கெட் வீரர்களின் கையொப்பம் சேர்க்கிறான்.

பத்தர்: அதில் போலி வராதா?

மாஸ்ரர்: வரும். நான் இன்னும் சொல்லவில்லை.

பத்தர்: என் பட்டறையில் நடப்பது இதைவிடக் கொடுமை. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி தன் தாலிக்கொடியோடு சேர்த்து வைத்திருந்த ஏழு ரூபாய்க் காசுகளைக் கொண்டுவந்தார். ஏழும் நல்ல காசுகள். நிறை, ஓசை, விளிம்பு எல்லாம் சரியாக இருந்தன. சேகரிப்பவர்கள் இரண்டு பேரிடம் காட்டச் சொன்னேன். இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்று இருவரும் கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் வெள்ளி விலைக்கு நான்தான் எடுத்து உருக்கினேன். அந்த ஏழு இராணிகளும் இப்போது யாரோ ஒரு குழந்தையின் காலில் கொலுசாக நடக்கிறார்கள். இந்தப் பித்தளை இராணியோ உங்கள் நண்பரின் பட்டுத்துணிக்குள் படுத்திருக்கிறார்.

(மாஸ்ரர் வாய் திறக்கவில்லை. வகுப்பறையில் நாற்பது ஆண்டுகள் கேள்வி கேட்டவருக்கு விடை இல்லாமல் இருந்து பழக்கமில்லை. மூக்குத்தூள் டப்பாவைத் திறந்து, எடுக்காமலே மூடினார்.)

பத்தர்: இன்னொன்று. ஆண்டு பொறித்த இடத்துக்கு நேரே, விளிம்பில் ஒரு சிறு முக்கோண வெட்டு இருக்கிறது. அது என் அரத்தின் அடையாளம். சென்ற மாசி மாதம் ஒருவர் இதைக் கொண்டுவந்தார். அன்று இது பளபளவென்று இருந்தது. அவருக்கும் கூச்ச சுபாவமுள்ள ஒரு நண்பர் இருந்தார்.

மாஸ்ரர்: பத்தர்!

பத்தர்: நிறை குறைவு என்று அன்றே சொன்னேனல்லவா?

மாஸ்ரர்: ‘நிறை குறைவு’ என்றீர்கள். ‘போலி’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. ஆகையால் வவுனியாவிலுள்ள ஒருவருக்கு அதை மாற்றாகக் கொடுத்து, 1870 ஆம் ஆண்டின் இலங்கை ஐந்து சதம் இரண்டைப் பெற்றுக்கொண்டேன்.

பத்தர்: மரம் போட்ட பெரிய செப்புக் காசா? அவையாவது நல்லவையா?

மாஸ்ரர்: நல்லவை. அதுதான் என்னை உறுத்துகிறது. அவர் இதற்குக் கருமை ஏற்றி வேறொருவரிடம் தள்ளியிருக்க வேண்டும், அவர் இன்னொருவரிடம். போன கிழமை மூவாயிரம் ரூபாய்க் காசைப் பன்னிரண்டாயிரம் கொடுத்து நானே திரும்ப வாங்கியிருக்கிறேன். வரலாற்றாசிரியன் ஒருவனுக்கு ஒரு காசின் முழு வரலாறும் கிடைப்பது அரிது, எனக்குக் கிடைத்துவிட்டது.

பத்தர்: இனி என்ன செய்யப் போகிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், கொழும்பில் யாரையாவது நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?

மாஸ்ரர்: கொழும்பு இல்லை. கனடாவிலிருந்து மருமகன் வருகிறார் என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. (பெருமூச்சு) அமெரிக்காவில் 1973 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். நாணயத்தின் நகலைச் செய்பவர் அதன் மீது ‘நகல்’ என்று அழியாதபடி பொறித்தே ஆக வேண்டும்.

பத்தர்: நல்ல சட்டம். சுத்தியலும் எழுத்தாணியும் என்னிடம் இருக்கின்றன. காசைக் கொடுங்கள், ‘போலி’ என்று வெட்டிவிடுகிறேன்.

மாஸ்ரர்: இன்றேவா? நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு...

(டங்! டங்! பத்தர் காத்திருக்கவில்லை. சிறிது நேரம் கழித்துக் காசைத் துடைத்து நீட்டினார்.)

மாஸ்ரர்: பத்தர், ‘போ’ என்று மட்டும்தானே இருக்கிறது?

பத்தர்: என் எழுத்தாணி காப்பில் பெயர் வெட்டுவதற்கானது, எழுத்துப் பெரிதாக விழுந்துவிட்டது. ‘லி’க்கு இடம் போதவில்லை.

மாஸ்ரர்: (கண்ணாடியை இறக்கி, மறுபடி ஏற்றி) ஏவல் வினைமுற்று; முன்னிலை ஒருமை. அஃறிணைப் பொருளை விளிப்பதால் ‘போங்கள்’ என்று எழுத வேண்டியதில்லை. பிழையில்லை, பத்தர்.