ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆட்டமே

விசில் ஊதியதும் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், சீட்டுக் குலுக்கலில் என் எண் விழுந்திருக்கும். நேராக ஊக்கமருந்துச் சோதனை அறைக்கு. 90 நிமிடம் ஓடி, உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போன பிறகு சிறுநீர் கொடு என்றால் எங்கே போவது? அதுவும் குறைந்தது 90 மில்லி வேண்டுமாம்! பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தால், 'ரொம்ப நீர்த்துப் போயிருக்கு, மறுபடியும் கொடுங்க' என்பார்கள். குடிக்காவிட்டால் வரவே வராது. ஒருவழியாக வரும்போல இருக்கிறதே என்று எழுந்து போனால், அதிகாரி ஒருவர் கூடவே வந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். சட்டையை மேலே தூக்கி, கால்சட்டையை முழங்கால்வரை இறக்கிவிட்டு நிற்க வேண்டும். விதி அப்படி. அந்தக் கோலத்தில் வந்துகொண்டிருந்ததும் நின்றுவிடும்.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் தோற்ற அன்றைக்குப் பார்த்து என் எண்தான் விழ வேண்டுமா? வெளியே பேருந்தில் எல்லாரும் தலை வாரி உட்கார்ந்துகொண்டு, 'இன்னும் வரலையா?' என்று செய்தி மேல் செய்தி அனுப்புகிறார்கள். அதைப் படித்தால் வரப்போவதும் வராது.